தட்டியது எனக்குக் கேட்டது

கோக்-தாலா, 8 ஜூலை 1990

தம்பி துராத்துக்கு அக்கா சைரகானின் சலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? சைபீரியாவின் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? இங்கே நான் சுகம். மாமாவும் அத்தையும் சுகம்.

உன் முகவரியை மாமாதான் கொடுத்தார். என்னிடம் சொல்லாமல் கிளம்பியவன் அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். இருக்கட்டும். அப்பா அம்மா போன பிறகு நம்மை வளர்த்தவர் அவர்தானே.

போன மாத கிர்கிஸ்-உஸ்பெக் கலவரத்துக்காக வந்து நாற்சந்தியில் நின்ற ராணுவ வண்டிகள் போய்விட்டன. எரிந்த உஸ்பெக் வீடுகளைத் தகரம் வைத்து மறைத்திருக்கிறார்கள். நம் தெரு ரொட்டிக்கார அப்துமாலிக் அண்ணன் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஹனிஃபா அண்ணி இரண்டு மகள்களோடு அவள் அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள். இப்போது தெரு முழுக்க அரசாங்கக் கடையில் வரிசையில் நின்று ரொட்டி வாங்குகிறோம். அதைக் கடித்தால் பல்தான் உடையும். அண்ணன் சுட்ட ரொட்டியைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

போன வாரம் விசாரணை அதிகாரி வீடு வீடாக வந்தார். வயதில் சின்னவர், நகரத்து ஆள். நம் வாசலில் நின்று கேட்டார்.

“இங்கேருந்து எட்டடியில ஒரு மனுஷனை அடிச்சுக் கொன்னிருக்காங்க. மத்தியான வெளிச்சத்துல. உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையா?”

“பின் அறையில தையல் மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். இருபத்தாறு வீட்டிலும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்ததாம். ஒரு வீட்டில் ரேடியோ, ஒரு வீட்டில் குழந்தை அழுகை. எழுதி முடித்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கதகதப்பாக உடுத்திக்கொள். பதில் போடு.

உன் அக்கா.


19 ஆகஸ்ட் 1990

அக்காவுக்கு சலாம். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

மரம் அறுக்கும் ஆலையில் வேலை. கொசு ஒவ்வொன்றும் தும்பி அளவுக்கு இருக்கிறது. மூன்று வேளையும் முட்டைக்கோஸ் சூப். ‘துராத்’ இவர்கள் வாயில் நுழையவில்லை, ‘தோலிக்’ என்று கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். இங்கே யாரும் எந்த ஊர் என்று இரண்டாம் தடவை கேட்பதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதிகாரியிடம் நீ சொன்னது சரியான பதில். யார் வந்து எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல். ஒரு வார்த்தை கூட்டாதே.

கூரையில் பழுது பார்க்க வேண்டிய இடம் இருக்கிறது. மாமா மகன் ஷெராலியைக் கூப்பிட்டால் வந்து செய்வான்.

துராத்.


23 செப்டம்பர் 1990

துராத்துக்கு, நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். எனக்கு இடுப்பு வலி மட்டும்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்குகிறவர்களுக்கு அது இல்லாமல் இருக்காது.

கூரைக்கு ஷெராலியைக் கூப்பிடவில்லை. நானே ஏறித் தகரம் அடித்தேன்.

ஆஸ்பத்திரிச் சமையல்காரி எல்சா தியூக் உனக்கு நினைவிருக்கும். கால்வாய் ஓரத்து ஜெர்மன்காரி, காது மந்தம், கத்திப் பேசுவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு உஸ்பெக் பெண்களை உருளைக்கிழங்கு நிலவறையில் இறக்கிவிட்டு, வாசலில் குறுக்கே நின்றவள். கும்பல் வந்து கேட்டபோது, ‘உள்ளே இருக்காங்க. என்னைத் தாண்டிப் போய் எடுத்துக்கோங்க’ என்றாளாம். ‘இல்லை’ என்றுகூடப் பொய் சொல்லவில்லை. அவர்கள் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவள் கையால் ஆஸ்பத்திரியில் கஞ்சி குடித்த பையன்கள் இரண்டு பேர் அந்தக் கும்பலில் இருந்தார்கள் என்கிறார்கள்.

போன வியாழக்கிழமை மேசைத்துணி வாங்க வந்தாள். நான் கேட்டுவிட்டேன்.

“எல்சாக்கா, உனக்குப் பயமே இல்லையா?”

“என்னது?”

“பயமா இல்லையான்னு கேட்டேன்!”

“பயமா? பாவாடையே நனைஞ்சுபோச்சு! ஏப்ரன் கட்டியிருந்தேனோ, எவனும் பாக்கலை.” சிரித்தாள். பிறகு ஒன்று சொன்னாள்: “பயப்படறதுக்குள்ள கதவைத் தொறந்துட்டேன். அப்புறம் மூடவா முடியும்?”

அன்று முழுக்க என்னால் ஒரு போர்வைகூட மடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஜெபவீட்டுக்குப் போனேன். கோபித்துக்கொள்ளாதே. சும்மா பார்க்கத்தான். கடைசி பெஞ்சில், செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். பாட்டு ஜெர்மனில், வாசிப்பு ரஷ்ய மொழியில். அன்று வாசித்தது ஒருவனைப் பற்றி. அவனுடைய குருவைப் பிடித்துக்கொண்டு போய் அடிக்கிறார்கள். இவன் முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டு நிற்கிறான். நீ அவனோடு இருந்தவன்தானே என்று ஒரு வேலைக்காரி கேட்கிறாள். அந்த ஆளைத் தெரியவே தெரியாது என்கிறான். மூன்று தடவை சொல்கிறான்.

நான் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பல்லைக் கவனித்துக்கொள். ஊரில் இருந்தபோதே ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா.


30 அக்டோபர் 1990

அக்காவுக்கு சலாம்.

மாமா சொல்லி ஷெராலி எழுதிய கடிதம் வந்தது. நீ ஒவ்வொரு வாரமும் ஜெர்மன்காரர்கள் வீட்டுக்குப் போகிறாயாம். தெருவே பேசுகிறதாம். உனக்கு என்ன குறைச்சல்? நம் அப்பா எப்படிப்பட்டவர் என்று மறந்துவிட்டதா? கிர்கிஸ் பெண்ணாகப் பிறந்து சிலுவை போட்டுக்கொள்ளப் போகிறாயா? அவர்கள் எல்லோரும் நாளைக்கு மூட்டை கட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்விடுவார்கள். நீ அந்தக் காலி வீட்டில் உட்கார்ந்து பாடு.

அந்தச் சமையல்காரி தைரியசாலி என்றால் அது அவள் பாடு. எல்லோராலும் அப்படி இருக்க முடியாது. அதற்காக மற்றவர்கள் செத்துவிட வேண்டுமா?

பல் விழுந்துவிட்டது.

துராத்.


25 நவம்பர் 1990

அன்புத் தம்பிக்கு, உன் கோபம் எனக்கு நல்லதாகப் போயிற்று. நீ கேட்டதற்கெல்லாம் பதில் தேடி அந்தப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். என் ரஷ்ய மொழி உனக்குத் தெரியுமே, ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம்.

நெருப்புக் காய்ந்தவன் பெயர் பேதுரு. அவன் வெளியே போய் மனம் கசந்து அழுதான் என்று இருக்கிறது. அதோடு அவன் கதை முடிந்திருக்கும் என்று நினைத்தேன். முடியவில்லை. கொல்லப்பட்டவர் எழுந்து வந்து, ஏரிக்கரையில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவே இல்லை. ‘என்மேல் அன்பாயிருக்கிறாயா’ என்று மட்டும் கேட்கிறார். அவன் மூன்று தடவை சொன்னதற்கு இவரும் மூன்று தடவை கேட்கிறார்.

எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லை. எல்சாவிடம் கேட்டேன், “கிர்கிஸ்ல பேசினா அவருக்குக் கேக்குமா?” “ஜெர்மனே புரியறவருக்கு கிர்கிஸ் புரியாதா? ஜெர்மன் எவ்வளவு கஷ்டம் தெரியுமா உனக்கு!” என்று சமையல்கட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

சலவைக்கூடத்தில் தனியாக இருக்கும்போது பேசிப் பார்த்தேன். முதலில் வந்த வார்த்தை, ‘தட்டியது எனக்குக் கேட்டது’ என்பதுதான்.

துராத், அதை உனக்கும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் பின் அறையில் இல்லை. நம் வாசற்கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தேன். அப்துமாலிக் அண்ணன் ஓடி வந்து தட்டினார். நான் திறக்கவில்லை. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். இரும்புக்கம்பி வைத்திருந்தது நம் மாமா மகன் ஷெராலி. மற்ற நாலு பேர் வெளியூர்க்காரர்கள். அண்ணன் விழுந்த பிறகும் ஷெராலி நிறுத்தவில்லை.

நாளை அந்த அதிகாரியிடம் போகிறேன். தைரியம் வந்த பிறகு போகலாம் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். அது வரவில்லை. அதனால் அது இல்லாமலே போகிறேன்.

நீ சுகமாக இருக்க அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

சைரகான்.


20 ஜனவரி 1991

துராத், புதுவருஷ வாழ்த்து அனுப்பியிருந்தேன், வந்ததா? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. காய்ச்சல் ஏதும் இல்லையே?

ஷெராலியை டிசம்பரில் கைது செய்தார்கள். மறுநாள் காலையில் மாமா வந்தார். நான் தேநீர் ஊற்றினேன். தொடவில்லை.

“உன்னைத் தூக்கி வளத்த கை இது. இந்தக் கையைத்தான் வெட்டிட்டே” என்றார்.

“மாமா, நான் பாத்ததைத்தான் சொன்னேன்.”

“பாத்தே. எல்லாரும்தான் பாத்தாங்க. அவங்கல்லாம் கண்ணில்லாதவங்களா?”

“இல்லை மாமா. பயந்தவங்க. நானும்தான் பயந்தேன்.”

“செத்தா உன்னை நம்ம கல்லறையில போட விடமாட்டேன். உன் ஜெர்மன்காரிங்களே எங்கேயாவது தோண்டிப் போடட்டும்” என்று எழுந்து போனார். அத்தை தெருமுனையில் நின்று அழுதுகொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை.

தெருவில் என்னோடு பேசுபவர்கள் இப்போது மூன்று பேர். அதில் ஒருத்திக்குக் காது கேட்காது. (சிரி. நானும் சிரித்தேன்.)

மார்ச்சில் வழக்கு. உன்னை நான் ஒன்றும் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி மட்டும் போடு.

அக்கா.


17 மார்ச் 1991

தம்பிக்கு சலாம். இதற்கும் பதில் வராது என்றாலும் எழுதுகிறேன்.

வழக்கு மூன்று நாள் நடந்தது. எல்லாம் சொன்னேன். ஷெராலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மெலிந்துவிட்டான். சின்ன வயதில் அவனுக்கு நான் தலை வாரிவிட்டது ஞாபகம் வந்து நடுவில் நிறுத்தி, மறுபடி தொடங்கினேன். அவன் தரப்பு வக்கீல் எழுந்தார்.

“மதம் மாறினதுக்கு ஜெர்மன்காரங்க உங்களுக்கு என்ன குடுத்தாங்க?”

யோசித்துப் பார்த்தேன். “ஒரு மூட்டை உருளைக்கிழங்கு” என்றேன். “கடையில கிடைக்காதப்ப.”

கூடம் முழுக்கச் சிரித்தது. உண்மையைச் சொன்னால் இப்படியும் ஆகும்.

பிறகு நீதிபதி கேட்டார்: “அன்னிக்கு வீட்டுல உங்ககூட வேற யாராவது இருந்தாங்களா?”

“அதை நான் சொல்லமாட்டேன். என்னைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க” என்றேன். சாட்சி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அதட்டினார். நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் ஏதோ எழுதிக்கொண்டு உட்காரச் சொன்னார்.

ஒன்பது வருஷம் தீர்ப்பு. மேல்முறையீடு செய்கிறார்கள். ஒரே சாட்சி, அதுவும் பாதிச் சாட்சி என்று வக்கீல் வெளியே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

எல்சா அடுத்த மாதம் ஜெர்மனிக்குப் போகிறாள். நீ சொன்னது நடக்கிறது. ஜெபவீட்டில் பதினான்கு பேர் மிஞ்சுவோம். பாட்டுக்கு ஆர்மோனியம் வாசிப்பவரும் போகிறார்.

அக்கா.


14 ஏப்ரல் 1991

அக்கா,

சலாம் எழுதக் கை வரவில்லை. உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. நவம்பரில் வந்ததை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல முடியாது. ‘நான் திறக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறாய். ‘நாங்கள்’ என்று வரும் வரும் என்று பார்த்தேன். கடைசி வரி வரை வரவில்லை.

நீதிபதியிடமும் நீ சொல்லவில்லை.

நீ தாழ்ப்பாளைத் தொட்டாய். பாதி இழுத்தும்விட்டாய். நான்தான் உன் மணிக்கட்டைப் பிடித்தேன். இன்னொரு கையால் உன் வாயைப் பொத்தினேன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னை ஏன் விட்டுவைத்தாய்? திட்டியிருந்தால் நான் கோபப்பட்டாவது இருப்பேன்.

இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

துராத்.


19 மே 1991

என் தம்பி துராத்துக்கு, உன் எழுத்தைப் பார்த்ததே போதும். நான் சுகம். கோட்டைக் கழற்றிவிட்டோம், வெயில் வந்துவிட்டது.

நீ பிடித்தது உண்மை. ஆனால் நான் உதறவில்லை. ஈரப் போர்வை பிழிகிற கை என்னுடையது, உதறியிருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய். நீ பிடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது துராத். ‘இவன் பிடித்துக்கொண்டான், இனி என் கையில் இல்லை’ என்ற நிம்மதி. அதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. கடவுளிடம் மட்டும் சொன்னேன், அதுவும் கடைசியாக. அவர் என்னை விட்டுப் போகவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதே. சொன்ன அன்று, ஜூன் மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பசித்துச் சாப்பிட்டேன்.

உன் பெயரைச் சொல்லாதது சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை. உன் பங்கை நான் எடுத்துச் சொன்னால் அது வெறும் காட்டிக்கொடுப்பாகும் என்று தோன்றியது.

போன ஞாயிறு கால்வாயில் எனக்கு ஞானஸ்நானம். மலைப்பனி உருகி வந்த தண்ணீர், பல் தந்தியடித்தது. கரையில் நம் தெருப் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, “நல்லா முக்குங்க, பாவம் நிறைய இருக்கு!” என்றாள். அவள் கேலிக்குச் சொன்னாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதற்கு மறுநாள் ஹனிஃபா அண்ணி வந்தாள். வழக்குக்குப் பிறகு வருவாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

“கதவைத் தட்டினப்ப ஏதாவது சொன்னாரா?”

நீதிமன்றத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை.

“‘சைரா, நான்தான்’னு சொன்னாரு அண்ணி. அவ்வளவுதான்.”

உதவி கேட்டுக் கத்தினார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “அப்படித்தான் சொல்வாரு. ரொட்டி குடுக்க எந்த வீட்டுக்குப் போனாலும், ‘நான்தான்’” என்றாள். அப்புறம் உட்கார்ந்தாள். என்னை மன்னித்தாள் என்று எழுத மாட்டேன். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு குவளைத் தேநீர் குடித்தாள். போகும்போது, “சொன்னியே, அது போதும்” என்றாள்.

மேல்முறையீட்டில் வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லிவிட்டார்கள். ஜூலையில். அதைப் பற்றி நீ ஒன்றும் யோசிக்க வேண்டாம். ஈரக் காலணியோடு படுக்காதே.

அக்கா.


16 ஜூன் 1991

அக்காவுக்குத் துராத்தின் சலாம். நலம்தானே?

மாமா யாரையோ வைத்து எழுதி, ரயில் டிக்கெட்டும் வைத்து அனுப்பியிருக்கிறார். ஜூலை விசாரணைக்கு நான் வர வேண்டுமாம். அன்று நானும் வீட்டில் இருந்தேன், யாரும் தட்டவில்லை, உனக்குச் சித்தம் சரியில்லை என்று சொல்ல வேண்டுமாம். ‘உன்னை வளர்த்ததற்கு இதையாவது செய்’ என்று இருக்கிறது. அந்த வரியோடு கடிதத்தை மடித்து வைத்தேன். அவர் வளர்த்தது பொய் இல்லையே.

அந்த டிக்கெட்டிலேயே வருகிறேன். வந்து என்ன சொல்வேன் என்று மாமாவுக்கு முன்கூட்டியே எழுதிப் போட்டுவிட்டேன். அவரை நீதிமன்றத்தில் வைத்து ஏமாற்ற எனக்கு மனமில்லை.

உன் கடவுளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை, நீ என்னை விரட்டாதே. ஆனால் அந்தப் பதினான்கு பேரிடம் என் பெயரைச் சொல்லி வை. தோலிக் என்று சொல்லாதே. அப்பா வைத்த பெயரைச் சொல்.

துராத்பெக்.


11 ஆகஸ்ட் 1991

அன்புத் தம்பிக்கு, சைபீரியா போய்ச் சேர்ந்திருப்பாய். முதுகு வலி குறைந்ததா? நான் சுகம்.

நீ இங்கே இருந்த ஒன்பது நாளில் நாம் அதிகம் பேசவில்லை. சாட்சி சொல்லிவிட்டு வந்து ஒரு பகல் முழுக்கத் தூங்கினாய். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூண்டில் நீ ‘என் கை, இந்தக் கை’ என்று தூக்கிக் காட்டியபோது ஷெராலி தலையைக் குனிந்தானே, பார்த்தாயா? அதற்குப் பிறகு அவன் வக்கீலிடம் எதையும் மறுக்கச் சொல்லவில்லையாம். ஒன்பது வருஷம் உறுதியாகிவிட்டது. வடக்கே எங்கோ சிறை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு இதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

நேற்றுக் காலை மாமா வந்தார். நான் தேநீர் ஊற்றினேன். குடித்தார்.

“எனக்கு எழுத வராது. அவன் இருந்தவரைக்கும் அவன் எழுதினான். தபால்கார அம்மா எழுதித் தரா, ஆனா ஊருக்கே படிச்சுச் சொல்லிடறா.”

முகாமில் இருக்கும் ஷெராலிக்கு எழுத வேண்டும் என்று புரிந்தது. காகிதம் எடுத்து வந்தேன்.

“எழுது. நாங்க எல்லாரும் நல்லாருக்கோம்.”

எழுதினேன். அத்தையின் முழங்கால், பழுப்புக் குதிரை ஈன்ற குட்டி, இந்த வருஷ வைக்கோல், எல்லாம் சொன்னார். நடுவில் நிறுத்தி, “செஞ்சது செஞ்சுட்டே. அந்த ஆள் ரொட்டியைத் தின்னு வளந்தவன் நீ. எப்படிடா?” என்றார். எழுதவா வேண்டாமா என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். “எழுது” என்றார். எழுதினேன்.

“யார் எழுதினதுன்னு போட வேணாம்” என்று சொல்லிக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்தார். தொப்பியைத் தேடி எடுத்தார். செருப்பு மாட்டினார். பிறகு அங்கேயே நின்றார். மறுபடியும் சட்டைக்குள்ளிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்.

“அவனுக்கு உன் கையெழுத்து தெரியும். சரி. உன் பேரையும் போடு.”

போட்டேன் துராத். ‘எழுதியவள், உன் அக்கா சைரகான்.’ காய்ந்துவிட்டதா என்று மாமா ஊதிப் பார்த்தார்.

குளிருக்கு முன் கம்பளிக் காலுறை அனுப்புகிறேன். கர்த்தர் உன்னோடு இருப்பாராக. விரட்டவில்லை, என் வழக்கம், எழுதிவிட்டேன்.

அக்கா.